முட்டை சேர்க்காத பீப்பாய்

ஒரு சொட்டு ஒயின்கூடக் குடிக்காமல், ஒயின் விஷயத்தில் இத்தாலிக்காரர்களின் வாயை அடைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். நியூஜெர்சியில், பிஸ்கட்டவேயில், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். பெற்றோர் வைத்த பெயரைச் சொன்னால் தெருவில் யாருக்கும் தெரியாது. பீப்பாய் என்றால் பேஸ்மென்ட் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

சொந்த ஊர் கம்பம். பன்னீர் திராட்சைத் தோட்டக் குடும்பம். பகலில் மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளைச் சந்தேகப்படுகிற வேலை. தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் பக்கத்து வீட்டு இத்தாலிக்காரர் டோனி தாத்தா வேலிக்கு மேலாகச் சிரித்துக்கொண்டே, "உங்கள் ஊரில் திராட்சையையும் ஊறுகாய்தானே போடுவீர்கள்?" என்று கேட்டுத் தொலைத்தார். கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் அவமானப்பட்டுவிட்டது.

"மாப்ள, இவிங்க இத்தாலியன் கிளப் விருந்துல என் ஒயினு மேசையில உக்காரணும். இல்லேன்னா நான் கம்பத்துக்காரன்னு இனிமே வாயத் தொறக்க மாட்டேன்" என்றார் என்னிடம்.

"அண்ணே, நீங்கதான் குடிக்கவே மாட்டீங்களே?"

"மிருதங்கம் செய்றவன் என்ன, கச்சேரியா பண்றான்? நீதான் இருக்கேல்ல. நீதான்யா என் நாக்கு."

இப்படியாக, பீரையும் மோரையும் தவிர வேறெதுவும் அறியாத நான் தலைமை ருசி அதிகாரி ஆனேன். "ருசி பாக்கறேன்னு பாதி பீப்பாயைக் காலி பண்ணினா அங்கேயே படுத்துக்குங்க. இங்க வராதீங்க" என்று என் மனைவி வாழ்த்தி அனுப்பினாள்.

வம்பு பேசினாலும் டோனி நல்ல மனிதர். தொழிலை ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். கலிஃபோர்னியாவிலிருந்து லாரியில் வந்த கறுப்புத் திராட்சையை நசுக்கித் தோலோடும் விதையோடும் தொட்டியில் விட வேண்டும். சாறு பொங்கும், தோல் மேலே மிதந்து கெட்டியாக மூடிக்கொள்ளும். காலையும் மாலையும் அதைக் கட்டையால் அமுக்கிவிட வேண்டும். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் இறங்குமாம்.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் பீப்பாய் அண்ணனை டெக்சாஸுக்கு அனுப்பியது. அமுக்கும் பொறுப்பு எனக்கு. பேஸ்மென்ட் கதவைத் திறந்தேன். தொட்டி முழுக்க இளஞ்சிவப்பு நுரை. உள்ளேயிருந்து நூறு பாம்புகள் சீறுகிற மாதிரி 'உஸ்ஸ்'. வெடிக்கப்போகிறது என்று முடிவு செய்து 911க்குப் போன் பண்ணிவிட்டுப் புல்வெளியில் குப்புறப் படுத்துக்கொண்டேன். இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்தன. தெருவிலிருந்த மாமிகள் அத்தனை பேரும் வெளியே வந்தார்கள். உள்ளே போன வீரர் ஜன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு வந்து, "சார், அது சுவாசிக்கிறது. நீங்களும் கொஞ்சம் சுவாசியுங்கள்" என்றார். போகும்போது, வாசனை பிரமாதம் என்று விரல் நுனியை முத்தமிட்டுக் காட்டினார்.

செய்தி கேட்ட பீப்பாய் கோபித்துக்கொள்வார் என்று நடுங்கினேன். "ஃபயர்காரனே சர்டிஃபிகேட் குடுத்துட்டான்யா!" என்று டெக்சாஸிலிருந்தே கத்தினார்.

பிறகு பிழிந்து, ஓக் மரப் பீப்பாயில் அடைத்தாயிற்று. முதல் குளிர்காலம் முடிந்ததும் டோனி ஒரு அட்டை முட்டையோடு வந்து நின்றார். வெள்ளைக்கருவை அடித்து ஊற்றினால் கசடை இழுத்துக்கொண்டு அடியில் படியும், துவர்ப்பும் தணியும்; அவர் தாத்தா காலத்து முறை. பீப்பாய் தன் பீப்பாய்க்குக் குறுக்கே மறித்துக்கொண்டு நின்றார்.

"நோ எக்!"

"நோ எக், நோ ஒயின்!" என்றார் டோனி.

"எங்க வீட்டுக்குள்ள கேக்கே முட்டையில்லாமத்தான்யா வருது. ஒயினு என்ன பெரிய இவனா?" என்று என்னிடம் திரும்பினார். "முட்டைக்குப் பதிலா நாளக் குடுப்போம். தானா அடங்கட்டும்."

நாளைக் கொடுத்தார். சில மாதத்துக்கொரு முறை தெளிந்ததை மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றிக் கசடைக் கழுவினார். மரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதால், குறைந்ததை நிரப்பினார். அந்த வீட்டில் குடித்தது மரமும் நானும்தான்.

முதல் முறை ருசித்தபோது பச்சை வாழைப்பூவைக் கடித்தது போல நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "துவர்க்குதுண்ணே" என்றேன், அழாத குறையாக. "துவர்க்கட்டும். உசுரு இருக்குன்னு அர்த்தம்." அடுத்த குளிரில் நாக்கு ஒட்டவில்லை. மூன்றாவது குளிர் கழிந்தபோது, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் ஒரு இனிப்பு வருமே, அது வந்தது. நான் சொன்னதை நம்பி அவர் பாட்டிலில் நிரப்பினார். எனக்குத் தூக்கம் போனது. என் நாக்கை நானே நம்பியதில்லை.

கிளப் விருந்து. டோனி எங்கள் பாட்டில் ஒன்றைத் திறந்து, அங்கே மூத்தவரான வெள்ளை மீசைக்காரர் முன்னால் வைத்தார். நான் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன். மீசை ஒரு வாய் குடித்தது. விளக்குக்கு எதிரே கிளாஸைப் பிடித்துப் பார்த்தது. இன்னொரு வாய். பிறகு டோனியிடம் இத்தாலிய மொழியில் ஏதோ கேட்டது.

"எத்தனை முட்டை என்று கேட்கிறார்" என்றார் டோனி. தொண்டையைச் செருமிக்கொண்டு அவரே பதிலும் சொன்னார்: "ஸீரோ."

மீசை எழுந்து நின்று பாட்டிலை மேசையின் நடுவே நகர்த்தி வைத்தது. டோனி கிளாஸைத் தூக்கி, "காம்பம்!" என்றார். அத்தனை கிழவர்களும் "காம்பம்!" என்றார்கள். என் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. நான் கம்பத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

பீப்பாய் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. என் கையில் ஒரு கிளாஸைத் திணித்தார்.

"அவிங்க சொன்னது கெடக்கட்டும். நீ குடிச்சிட்டுச் சொல்லு மாப்ள."

எதற்கெடுத்தாலும் நக்கலடிக்கிற நான் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தேன். நான் விழுங்கி முடிக்கும்வரை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.