கல்பாசியாரும் செஞ்சந்தனமும்

உப்பில்லாமல் கூடச் சமைப்பார். கல்பாசி இல்லாமல் வெந்நீர் வைக்கமாட்டார். திண்டுக்கல்லில் எங்கள் கல்லூரி விடுதியின் சமையல் மாஸ்டர் அப்பேர்ப்பட்டவர். பிரியாணிக்குக் கல்பாசி சரி. ரசத்துக்குமா? ஒருநாள் பால்பாயசத்திலும் போட்டார். அன்றிலிருந்து அவர் பெயரே கல்பாசியார். நான் அங்கே வார்டன். அந்தப் பாயசத்தையும் குடித்தவன்.

அவருடைய பரம விரோதி ஒரு மரம். சமையல்கட்டுக்கு எதிரே தாவரவியல் பேராசிரியர் வேலி போட்டு வளர்த்த செஞ்சந்தனம். ‘அழிந்துவரும் மரம், தொடாதீர்’ என்று பலகை வேறு. மறுநாளே சமையல்கட்டு வாசலில் போட்டிப் பலகை தொங்கியது: ‘கல்பாசி. அழியாது. தாராளமாகச் சாப்பிடவும்.’

“யோவ், இது உலகத்துலயே ரெண்டு மூணு மலையில மட்டும் தானா வளர்ற மரம்யா!” என்பார் பேராசிரியர்.

“ஊருல இல்லாததுக்கு இம்புட்டுப் பெருமையா சார்? என் பாசிக்கு வேரு கெடையாது, வேலி கெடையாது, தண்ணி ஊத்த ஆளு கெடையாது. மரமோ பாறையோ, எடம் கெடச்சா ஒட்டிக்கிரும். உங்க மரம் புது மாப்ள மாதிரியில்ல சீராடுது!”

இப்படி நாள் தவறாமல் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, அந்த இடத்தில் பைக் ஸ்டாண்டு கட்ட நிர்வாகம் முடிவெடுத்தது. “மரத்தை எடுக்க அனுமதி கேட்டு மனு போடுங்க” என்றார் செயலாளர். பேராசிரியர் கண்கலங்க மரத்தின் அருமையை விளக்கினார். செயலாளர் கொட்டாவி விட்டார்.

கரண்டியோடு செயலாளர் அறைக்குள் நுழைந்தார் கல்பாசியார். “நல்லா வெட்டுங்க. ஆனா என் பிரியாணிக்குப் பாசி அந்த மரத்துப் பட்டையிலதான் சொரண்டுறேன். மரம் போச்சுன்னா ஞாயித்துக்கெழமை உப்புமாதான்.”

பத்தே நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் விஷயம் பரவி, விடுதியே மரத்தைச் சுற்றிக் கைகோத்து நின்றது. ஞாயிறுதோறும் செயலாளர் வீட்டுக்கும் ஒரு தூக்குவாளி பிரியாணி போய்க்கொண்டிருந்தது. பைக் ஸ்டாண்டு பின்பக்கம் போய்விட்டது.

மறுநாள் ஆசை தாங்காமல் நானே பட்டையைச் சுரண்டி வாயில் போட்டேன். சுண்ணாம்புப் பொருக்கைத் தின்ற மாதிரி இருந்தது!

“ஐயையோ, துப்புங்க சார்!” என்று ஓடிவந்தார் கல்பாசியார். “அது வேற பாசி. நம்ம பாசி மளிகைக்கடைப் பொட்டலம்!”

“அப்ப ஏண்ணே அம்புட்டுப் பெரிய பொய்?”

“பாவம், அழுதுட்டாரே சார் அந்த மனுசன். மரம் போயிருச்சுன்னா நான் அப்புறம் யாருகிட்டப் போயி சண்டை போட?”

அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வாயெல்லாம் பட்டைத்தூள், அதனால் முதலில் குழாயடிக்கு ஓடினேன்.