கூழைக்கடாக்களுக்காக நான் யாரையும் ஃபெயில் போடவில்லை

புவெர்த்தோ மாங்லே,
டிசம்பர் 22, திங்கள், காலை எட்டு மணி.

அன்பும் மரியாதையும் நிறைந்த எர்சிலியா அக்காவுக்கு,

உன் ஆசீர்வாதத்தைக் கேட்டு எல்பிடியா எழுதுவது. இங்கே நானும் தம்பி உலிசெஸும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுத இன்னும் ஒரு நாள் போகட்டும். நியூயார்க்கில் பனி கொட்டுவதாக வானொலியில் சொன்னார்கள். உன் முழங்காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். அத்தானின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதென்று நம்புகிறேன்.

சனிக்கிழமை தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். "ஏண்டி, தம்பி வேலையைக் காப்பாத்த ஊரான் பிள்ளைங்களை ஃபெயில் போடுறியாமே? சலூன்ல தலைக்குச் சாயம் அடிச்சுக்கிட்டு இருந்தப்ப காதுல விழுந்துச்சு. பாதித் தலையோட எந்திரிச்சு வந்துட்டேன்" என்றாய். இருபத்திரண்டு வருடமாகப் புள்ளியியல் கற்பிக்கிறவளைப் பார்த்து நீ இப்படிக் கேட்டதால், நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு மீதித் தலைக்குச் சாயம் அடித்துக்கொள்.

உனக்குத் தெரிந்ததுதான், உலிசெஸ் பிளோரிடாவில் கையிலிருந்த பயிற்சியாளர் வேலையை உதறிவிட்டு, மனைவி குழந்தைகளை அங்கேயே விட்டுவிட்டு, நம் ஊர்க் கூழைக்கடா அணிக்கு மேலாளராக அக்டோபரில் வந்து இறங்கினான். இந்த ஊரில் பேஸ்பால் மேலாளரை வேலையை விட்டு நீக்குவதற்கு வாழைக்காய் வறுபடும் நேரம்கூடப் பிடிக்காது. போன வருடம் மட்டும் மூன்று பேர். முதல் மூன்று வாரம் சுமாராகப் போயிற்று. பிறகு தொடர்ந்து பத்து ஆட்டம் தோற்றார்கள். அணி நிர்வாகத் தலைவர் டான் எமெத்தேரியோ, ஐஸ் தொழிற்சாலை வைத்திருக்கிறாரே அவர்தான், உலிசெஸ் தங்கியிருக்கும் என் வீட்டு வாசலிலேயே காரை நிறுத்தி, இறங்காமல், கண்ணாடியை மட்டும் இறக்கி அவனிடம் சொன்னார்: "தம்பி, ஆறு அணியில முதல் நாலுக்குள்ள வந்தா கிறிஸ்துமஸ் பன்றியை நானே உன் வீட்டுக்கு அனுப்புறேன். வரலேன்னா உன்னை ஏர்போர்ட்டுக்கு அனுப்புறேன். ரெண்டுக்கும் இதே கார்தான்." அன்றிலிருந்து உலிசெஸ் சாப்பிடுவதை நிறுத்தினான். என் சாப்பாட்டு மேசையில் இருந்த காகிதத் துடைப்பான்களில் எல்லாம் யார் முதலில் மட்டை பிடிப்பது, யார் கடைசியில் என்று எழுதிக்கொண்டே இருந்தான். வாயைத் துடைக்க வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

நவம்பர் இருபத்தைந்தாம் தேதி அவன் ரத்தக் கொதிப்பு மாத்திரையை மறந்துவிட்டுப் போனான். கொடுக்கப் போனேன். அவ்வளவுதான் அக்கா, என் குற்றம் முழுவதும் அதுதான். வீரர்கள் உட்காரும் பள்ளத்துக்கு நேர் மேலே, வலைக்குப் பின்னால், எனக்கு ஓர் இடம் கொடுத்தார்கள். கூட்டத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவது நாகரிகமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் நூற்றுப் பன்னிரண்டு தாள்கள் பாக்கியிருந்தன. ஏழாவது இன்னிங்ஸில் நம்மவர்கள் இரண்டு ரன் பின்தங்கியிருந்தார்கள். நான் ஒரு தாளில் நாற்பத்தொன்று என்று போட்டு, எழுபதுதான் தேர்ச்சி என்பதால், ஃபெயில் என்று எழுதி வட்டமிட்டேன். அந்த வட்டம் முடியும்போது நம் ஆள் ஒருவன் அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போய் மூன்று ரன் வந்தது. ஜெயித்தோம். இதை உதவிப் பயிற்சியாளர் தின்ச்சோ கீழேயிருந்து பார்த்துவிட்டார்.

தின்ச்சோவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெயித்த நாளில் போட்ட காலுறையை அவர் அடுத்துத் தோற்கும் வரை துவைக்க மாட்டார். அதனால் அந்தப் பத்து ஆட்டமும் அவர் மிகச் சுத்தமாக இருந்தார். மறுநாள் காலை ஒரு பை ஆரஞ்சோடு வந்து நின்றார்.

"டீச்சர், இன்னிக்கும் வரணும். தாளையும் எடுத்துக்கிட்டு."

"ஒரு தடவை நடந்ததெல்லாம் ஆதாரமாகாது, தின்ச்சோ."

"அதைத்தான் டீச்சர் நானும் சொல்றேன். ரெண்டாந்தடவை வாங்க. ஆதாரம் ஆயிரும்."

இதற்கு என்னிடம் மறுப்பு இருந்தது; ஆனால் அதைச் சொல்லி முடிக்க ஒரு செமஸ்டர் வேண்டும். உலிசெஸ் என் காபிக் கோப்பைக்கு அடியில் நுழைவுச் சீட்டை வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனான். சின்ன வயதில் ஜன்னலை உடைத்துவிட்டு வரும்போது அவனுக்கு இருந்த அதே நடை. போனேன்.

அடுத்த ஒன்பது உள்ளூர் ஆட்டங்களில் ஏழு ஜெயித்தார்கள். தோற்ற இரண்டு நாளும் நான் காலை வகுப்பின் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன், அந்த வகுப்பில் எல்லாரும் தேறிவிட்டார்கள் என்று தின்ச்சோ நோட்டுப் புத்தகம் போட்டுக் கண்டுபிடித்தார். என் மாணவர்களில் பத்துக்கு நாலு பேர் எந்த வருடமும் தேறுவதில்லை, ஒன்பது இன்னிங்ஸ் உட்கார்ந்து திருத்தினால் ஏதாவது ஒரு ஃபெயில் ஏதாவது ஒரு ரன்னோடு மோதத்தான் செய்யும் என்று நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பத்துக்கு ஆறா ஆக்க முடியாதா டீச்சர்?" என்றார். யாரோ வானொலியில் சொல்லிவிட்டார்கள். டிசம்பர் முதல் வாரத்திலிருந்து ஏழாவது இன்னிங்ஸ் வந்தால் மூன்றாம் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை "ஃபெயில்! ஃபெயில்!" என்று தாளம் போட்டார்கள். எனக்குப் பின்னால் உட்காரும் பல் டாக்டர், படித்த பெண்மணி, என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "கையெழுத்தைப் பாருங்க டீச்சர், கோழி கிளறின மாதிரி. இதுக்கெல்லாம் யோசிக்கலாமா?" என்பார். ஒரு மாணவி என் அறைக்கு வந்து அழுதாள்: "டீச்சர், என் தாளை மட்டும் வெளியூர் ஆட்டம் நடக்கிற அன்னிக்குத் திருத்துங்க, உங்க காலைப் பிடிக்கிறேன்." துறைத் தலைவரிடம் முறையிட்டேன். "உங்க சுதந்திரத்துல நான் எப்படித் தலையிடுறது? அது இருக்கட்டும், ஞாயித்துக்கிழமைக்கு எத்தனை தாள் மிச்சம் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

அக்கா, ஒரு மதிப்பெண்ணையும் நான் மாற்றவில்லை. யார் வேண்டுமானாலும் எந்தத் தாளையும் மறுபடி திருத்திப் பார்க்கட்டும்.

இனி நேற்றைய கதை. ஐம்பதாவது ஆட்டம், கடைசி ஆட்டம், மாலை நாலு மணிக்கு. எதிரில் முதலைகள் அணி. நாமும் அவர்களும் நாலாவது இடத்தில் சமமாக நின்றோம். ஜெயித்தால் உலிசெஸுக்குப் பன்றி. தோற்றால் விமான நிலையம். பிளோரிடா வேலையில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்று அன்று காலைதான் என்னிடம் சொன்னான், பல் தேய்த்துக்கொண்டே. இந்தப் பைத்தியத்தை முடித்துவிடுவதென்று நான் இறுதித் தேர்வுத் தாள்கள் எல்லாவற்றையும் சனிக்கிழமையே வீட்டில் திருத்திவிட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சியது. அது ஃப்ரெய்லினுடையது. கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துக்கொடுக்கிற பிட்சர் அவன். ஐந்து வருடமாக மாலை வகுப்பில் நிர்வாகவியல் படிக்கிறான். பட்டத்துக்கு இந்த ஒரு பாடம்தான் பாக்கி. தேர்வு நாளில் வெளியூர் ஆட்டம் இருந்ததால், அனுமதி வாங்கி ஞாயிறு காலை என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினான். திங்கள் நண்பகலுக்குள் பட்டியல் போக வேண்டும் என்பதால் அந்தத் தாள் என் பையில் இருந்தது. பையைத் திறக்கக் கூடாது என்ற முடிவோடுதான் போனேன்.

எட்டாவது இன்னிங்ஸ் முடிந்தபோது நாலுக்கு மூன்று, நாம் முன்னால். பல் டாக்டர் மெல்ல என் முதுகைத் தட்டினார். "டீச்சர், பை ஏன் மூடியிருக்கு?" நான் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், அவர் அடுத்தவரிடம் சொன்னார். அந்த அமைதி வரிசை வரிசையாக மேலே ஏறிப் போனதை நான் காதால் கேட்டேன். ஒன்பதாவதில் ஃப்ரெய்லின் வந்தான். ஒருவனை அவுட் ஆக்கினான். அடுத்தவன் அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடினான். இன்னொருவன் அவுட். இன்னும் ஒரே ஒரு ஆள் போதும். அப்போதுதான் ஃப்ரெய்லின் தடுமாற ஆரம்பித்தான். இலக்கில்லாமல் ஆளுக்கு நாலு பந்து எறிந்து, இரண்டு பேரை மட்டையே சுழற்றாமல் பேஸுக்கு அனுப்பினான். மூன்று பேஸிலும் ஆள். உலிசெஸ் அவன் நிற்கும் மேட்டுக்கு நடந்து போனான், ஏதோ பேசினான், திரும்பி வந்தான். வரும்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தான். இந்தப் பருவம் முழுவதும் ஆட்டத்துக்கு நடுவே அவன் என்னைப் பார்த்ததில்லை. தின்ச்சோ வலைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"டீச்சர், ஃப்ரெய்லினே சொல்லி அனுப்பினான். தாளைத் திருத்தணுமாம். ஃபெயில் போடணுமாம்."

"அவனுக்குப் பட்டம் வேண்டாமா?"

"பட்டம் அடுத்த வருசமும் இங்கேயே இருக்கும் டீச்சர். உங்க தம்பி இருக்க மாட்டாரு."

பையைத் திறந்தேன். இவ்வளவு அவசரமாக நான் எந்தத் தாளையும் திருத்தியதில்லை. முதல் நாலு கேள்விக்கும் சேர்த்து அறுபத்தாறு வந்தது. ஐந்தாவது கேள்விக்கு ஆறு மதிப்பெண். கொடுத்தால் எழுபத்திரண்டு, தேர்ச்சி. கொடுக்காவிட்டால் இல்லை. கேள்வி இது: பாதிக்குப் பாதி ஜெயிக்கும் ஓர் அணி தொடர்ந்து பத்து ஆட்டம் தோற்றுவிட்டது, பதினோராவதில் ஜெயிக்கும் வாய்ப்பு என்ன? அவன் எழுதியிருந்தது: "பாதிக்குப் பாதிதான். ஆனால் டீச்சர் வந்திருக்கிறார்களா என்று தெரிய வேண்டும்." களத்தில் ஃப்ரெய்லின் மூன்று பந்து வெளியே எறிந்துவிட்டான், இரண்டு உள்ளே. இன்னொன்று வெளியே போனால் ஆட்டம் சமம்; உள்ளே போய்ப் பேட்டர் தவறவிட்டால் ஜெயிப்போம். நான் முதல் வாக்கியம் சரி, இரண்டாவது பாடத்திட்டத்தில் இல்லை என்று தீர்மானித்து, ஆறு போட்டேன். எழுபத்திரண்டு. தாளைக் குப்புறக் கவிழ்த்தேன்.

"போட்டாச்சா டீச்சர்?" என்றார் பல் டாக்டர். அவர் குரல் எனக்கே பாவமாக இருந்தது. ஃப்ரெய்லின் ஷூ கயிற்றைக் கட்டுவது போலக் குனிந்து என்னைப் பார்த்தான். உலிசெஸ் பார்த்தான். நான் வாழ்க்கையில் மாணவனிடம் பொய் சொன்னதில்லை, அக்கா. எழுந்து நின்று, சிவப்புப் பேனாவை உயர்த்தி, காற்றில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். அரங்கம் அதிர்ந்தது. அந்தப் பையன், ஐந்து வருடப் படிப்பு போய்விட்டதென்று நினைத்த பையன், சிரித்தான். இறுகியிருந்த அவன் தோள் தளர்ந்தது. எறிந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பேட்டர் தவறவிட்டான் என்பது என் கழுத்தில் பல் டாக்டரின் பீர் கொட்டியபோதுதான் தெரிந்தது.

இப்போது உலிசெஸ் தொப்பியோடு என் சோபாவில் தூங்குகிறான். பன்றி வந்துவிட்டது, கொல்லைப்புறத்தில் நிற்கிறது. ஃப்ரெய்லின் நேற்று போகும்போது, "விடுங்க டீச்சர், அடுத்த வருசம் ஐந்தாவது கேள்வியை மட்டும் கொஞ்சம் பார்த்து வைங்க" என்றான். நான் தாள் இருந்த பையைப் பூட்டிக்கொண்டேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். அவன் தேறிவிட்டான், அணியும் ஜெயித்துவிட்டது. ஆக அந்த மூடநம்பிக்கை செத்தது. ஆதாரம் என் மேசையில் இருக்கிறது. நண்பகலில் பட்டியல் போகும்; ஊர் பார்க்கட்டும். இனி அந்த அரங்கத்தில் நான் கால் வைக்க மாட்டேன் என்று சலூனில் என் பெயரால் நீ சத்தியம் செய்யலாம்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். மூத்தவளாக நின்று எங்கள் இருவரையும் ஆசீர்வதி. கடவுளும் கன்னித்தாயும் உன் முழங்காலோடு இருக்கட்டும்.

என்றும் உன் அன்புத் தங்கை,
எல்பிடியா

பின்குறிப்பு: மணி பதினொன்று. பட்டியலில் ஏற்றுவதற்காக ஃப்ரெய்லினின் மதிப்பெண்களை மறுபடி கூட்டினேன். இரண்டாவது கேள்வியின் ஒன்பதை இரண்டு முறை சேர்த்திருக்கிறேன். மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். அறுபத்து மூன்று. ஆக நேற்று நான் அரங்கம் முழுவதற்கும் உண்மையைச் சொல்லிவிட்டு, உனக்கு மட்டும்தான் பொய் எழுதியிருக்கிறேன். ஃப்ரெய்லினைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அதான் எனக்கு நேத்தே தெரியுமே டீச்சர்" என்றான். விதிப்படி அவனுக்கு ஒரு துணைத்தேர்வு உண்டு. அதை இருபத்தேழாம் தேதி காலையில் வைத்திருக்கிறேன். முடிவை அன்றே சொல்லியாக வேண்டும். இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம் அன்று மாலை, நம் ஊரில். சலூனில் இன்னும் சத்தியம் செய்யாமல் இருந்தால், கொஞ்சம் பொறு. கேள்வித்தாளை இப்போதுதான் தயாரித்து முடித்தேன். வேண்டுமென்று செய்யவில்லை அக்கா. ஐந்து கேள்வியும் சற்றுக் கடினமாக அமைந்துவிட்டன.