செருப்புச் சக்கரவர்த்தி சரிந்த படலம்

வாழ்க, அந்த இடுப்பு! தரை டைல்ஸ் பெட்டிகளை லாரியிலிருந்து கிடங்குக்கும் கிடங்கிலிருந்து லாரிக்கும் சுமந்து சுமந்து, உளியடி பட்ட பாறைபோல் உள்ளுக்குள் விண்டு, குனிந்தால் நிமிரவும் நிமிர்ந்தால் குனியவும் மறுக்கும் மாட்சிமை பொருந்திய அந்த இடுப்பு வாழ்க! அதைத் தாங்கித் திரிந்தவனும் வாழ்க! இயற்பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிர்வாழ, சகலராலும் ‘கிரேன்’ என்று விளிக்கப்பட்ட கல்தோளன், வியர்வைமார்பன், ஒரே மூச்சில் நான்கு பெட்டி தூக்கும் தனிப்பெருந்தீரன் அவன்.

அன்னவனுக்கும், அதே கிடங்கில் கைவண்டி தள்ளுவதில் நிகரற்றவளும் சகலராலும் ‘அக்கா’ என்று அழைக்கப்பட்டவளுமான வீராங்கனைக்கும் இடையே மூண்டது பெரும்போர். மூட்டியது, மேஸ்திரி போகிறபோக்கில் வீசிய ஒரு பேச்சு: “ஞாயித்துக்கிழமை லாரி வருது. ரெண்டு பேர்ல ஒருத்தர் வந்தா போதும். யாருன்னு நீங்களே பேசிக்குங்க.”

ஞாயிறு முழுதும் தரையில் குப்புறக் கிடப்பதே கிரேனின் இடுப்பு கேட்ட ஒரே வரம். அக்காவின் முழங்கால்களும் அதே வரத்துக்குத் தவம் கிடந்தன. ஆகவே இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டு வேளையில் ஆளுக்கொரு செல்பேசியை உருவினார்கள். வியாபார விளையாட்டு. ஒரே ஊர், இரண்டு முதலாளிகள். சாப்பாட்டு வேளை முடிந்து மணி அடிக்கையில் எவர் கல்லாவில் காசு அதிகமோ, அவருக்கே ஓய்வு.

“செருப்பு! வெறுங்காலோட ஒருத்தனையும் விடமாட்டேன்!” என்று முழங்கிக் கிரேன் கடை திறந்தான். அந்தோ, அந்தக் கூட்டத்தை என்னவென்று சொல்ல! திரைக்குள் வாழும் குட்டி மனிதர்கள் மதகு உடைத்த வெள்ளமெனப் பாய்ந்து வந்து, ஜோடி நாற்பது காசுக்கு அள்ளிப் போனார்கள். பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியே வளர்ந்தவன் கிரேன். கூடத் தூக்கினால் கூடக் காசு; இதைத் தவிர வேறு பொருளாதாரம் அந்தத் தோள்கள் அறியா. எனவே இரண்டாவது பட்டறை எழுப்பினான், மூன்றாவது எழுப்பினான். களிறுகள் அணிவகுத்தாற்போல் இயந்திரங்கள் பிளிற, செருப்புமாரி பொழிந்து ஊரை மூடியது.

அப்போது விலை சரிந்தது. நாற்பது இருபதாகி, இருபது ஏழாகி, ஏழு மூன்றாகி, முதுகெலும்பு முறிந்த மன்னன்போல் மண்ணில் கிடந்தது. குட்டி மனிதர்கள் கடைவாசலைக் கடந்து, காலில் பளபளக்கும் புதுச் செருப்போடு, திரும்பியும் பாராமல் நடந்தார்கள்.

“விலை இறங்கினா என்ன? அதுக்கு மேல பண்ணி வித்துட்டாப் போச்சு!” என்று சூளுரைத்து நான்காவது பட்டறைக்கு அடிக்கல் நாட்டினான் வீரன்.

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் அண்ணன் வாயில் சோற்றோடு கேட்டார்: “டேய், ஒரு ஆளுக்கு எத்தனை காலுடா?”

சிரிப்பு கிடங்கின் தகரக்கூரையில் மோதித் திரும்பியது. கிரேன் சிரிக்கவில்லை. பட்டறை வாடகை கேட்டுத் திரை சிவந்தது. கல்லாவோ துடைத்து வைத்த தட்டு. பகைவரிடமே கையேந்தும் இழிநிலை எந்த வீரனுக்கும் வரவேண்டாம்.

“அக்கா, ஒரு ஐந்நூறு காசு குடுங்களேன்.”

“எதை நம்பிக் குடுக்குறது, தம்பி?”

“இன்னைக்கு யார் ஜெயிச்சாலும் சரி, உங்களுக்கு வர்ற இன்னொரு ஞாயித்துக்கிழமைய நானே பாத்துக்கிறேன்.”

“அண்ணே, கேட்டுக்குங்க. நீங்கதான் சாட்சி,” என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுக் காசைத் தட்டிவிட்டாள் அக்கா.

அந்தப் பொற்குவியலைக் கொண்டு அவன் வேறு தொழில் தொடங்கினானா? இல்லை. மேலும் செருப்பு செய்தான்! ஒரு ஜோடி வாங்கினால் மூன்று ஜோடி இலவசம் என்று முரசறைந்தான். குட்டி மனிதர்கள் மீண்டும் பாய்ந்தார்கள். கை கொள்ளாமல் அள்ளினார்கள். வீட்டு வாசல்களில், படிகளில், நடைபாதையில், எங்கு நோக்கினும் செருப்பு, செருப்பின்மேல் செருப்பு. வெற்றிக் களிப்பில் எழப்போன கிரேனை இடுப்பு பிடித்து உட்காரவைத்தது.

உட்கார்ந்த பின்தான் எதிரியின் திரையைக் கண்டான். இத்தனை நேரம் சத்தமின்றி எலுமிச்சம்பழச் சாறு விற்றுக்கொண்டிருந்த அக்கா, ஊர் வாசல்களில் குவியும் செருப்பைப் பார்த்துப் பார்த்து, சாற்றுக் கடையை மூடிவிட்டு ஒரே ஒரு பொருளைச் செய்யத் தொடங்கியிருந்தாள்: செருப்பு ஸ்டாண்டு. ஜோடிகளைக் கிரேன் வாரியிறைக்க இறைக்க, ஸ்டாண்டின் விலை விண்ணளந்தது. அறுபது! தொண்ணூறு! நூற்றைம்பது! அவன் எய்த அம்பெல்லாம் அவள் அம்பறாத்தூணியை அல்லவா நிரப்பின! இலவசம் என்று அவன் முழங்கிய ஒவ்வொரு முழக்கத்துக்கும் அவள் கல்லா ஒருமுறை கலகலத்தது.

“இன்னும் கொஞ்சம் இலவசமாக் குடு தம்பி, நல்லா இருப்பே!” என்று மலர்முகம் காட்டி அவள் வாழ்த்திய அக்கணத்தில், திசைகள் அதிர, தகரங்கள் நடுங்க, ஊழிக்காலப் பேரிடியெனச் சாப்பாட்டு வேளை முடியும் மணி அடித்தது. விற்காத செருப்புகளின் மலையுச்சியில், ஒற்றைக் காசும் கையிலின்றி, சக்கரவர்த்தி வீழ்ந்தான்.

அந்த ஞாயிறு கிரேன் போய் லாரியை இறக்கினான். அக்காவுக்கு இன்னும் ஒரு ஞாயிறு பாக்கி.