ஐம்பத்தொரு தேங்காயும் ஒரு கொலையும்

வீட்டு வேலையில் பெண்டாட்டிக்கு ஒத்தாசை செய்யும் உத்தமன் என்று உறவுக்குள் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அது சுத்தப் பொய் என்பதை இப்போதாவது ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் தரை துடைத்ததும் பாத்திரம் கழுவியதும் புஷ்பாவின் மேல் வைத்த பாசத்தால் அல்ல. எல்லாம் பாட்காஸ்ட் செய்த வேலை.

ஆரம்பித்து வைத்தவள் என் மகள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிக்க வேறு மாநிலத்து விடுதிக்குக் கிளம்பிய அன்று, கம்பியில்லாத இயர்போன் ஜோடி ஒன்றை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். எனக்கு இனிப்புநீர் வியாதி, ரத்தத்தில் சர்க்கரை; தினம் நடக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. நடப்பது எனக்கு வேப்பங்காய். அதைக் காதில் மாட்டிக்கொண்டு, எங்கள் ஊர் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் நடந்த முதல் நாளே ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. சென்னையில் இருந்து இரண்டு பேர் ஒரு கொலை வழக்கைப் பகுதி பகுதியாகச் சொன்னார்கள். அரிசி ஆலை முதலாளி பூட்டிய அறைக்குள் செத்துக் கிடக்கிறார். கொன்றது தம்பியா, கணக்குப்பிள்ளையா, மனைவியா?

நடை முடிந்தாலும் கதை முடியவில்லை. அதனால் வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன். அதுவும் முடிந்தது, கதை முடியவில்லை. தரையைத் துடைத்தேன். மீன் தொட்டியைக் கழுவினேன். (மீன் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தொட்டி மட்டும் இருந்தது.) முதல் வாரம் புஷ்பாவுக்குப் பூரிப்பு. இரண்டாம் வாரம் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்தக் கருவி வெளியே உள்ள சத்தத்தை அடியோடு அடைத்துவிடும். என்னைக் கூப்பிட வேண்டுமானால் அவள் சின்ன வெங்காயத்தை எடுத்து முதுகில் எறிய வேண்டியிருந்தது. “வீட்டுல ஒரு ஆளு இருக்காரு, ஆனா இல்ல” என்று தன் தம்பி ரவியிடம் சொல்லி அலுத்துக்கொண்டாளாம். அதையும் ரவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது தேங்காய்க்கு வருகிறேன்.

மகளுக்கு மெட்ரிகுலேஷன் இடம் கிடைக்குமா என்று வீடே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்த நாட்களில், புஷ்பா முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். இடம் கிடைத்தால் தேருக்கு முன்னால் ஐம்பத்தொரு தேங்காய். தைப்பூசத்துக்கு முதல் நாள் தேர் டவுனிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகும். வழி நெடுக ஜனங்கள் சாலையில் தேங்காயைக் குவித்து வைத்துக் காத்திருந்து, தேர் நெருங்கும்போது உடைப்பார்கள். இடம் கிடைத்தது. தைப்பூசமும் வந்தது. ஒன்பது மாதமாக அவள் மனதில் இருந்தது அந்த ஒரு காட்சிதான்.

தேர் போகும் சாலைக்கு ஐந்து நிமிட நடையில் எங்கள் ஃபிளாட். ரவி பாலிக் புலா தோட்டப்பக்கத்தில் இருந்து தேங்காயைக் காலையில்தான் கொண்டுவந்து இறக்கினான், அதுவும் நாரும் மண்ணுமாக. அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். ரவி தேரோடு நடந்து வந்தபடி அது எங்கே வருகிறது என்று குடும்ப வாட்சப்பில் சொல்வான். புஷ்பா அர்ச்சனைத் தட்டோடு சாலையோரம் போய் இடம் பிடிப்பாள். நான் வீட்டில் தேங்காயைக் கழுவி, நார் எடுத்து, மஞ்சள் தடவி, கீழ்வீட்டில் இரவல் வாங்கிய டுரோலியில் அடுக்கி வைத்திருந்து, அவள் அழைத்தவுடன் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய வேலை.

“போன் அடிச்சா ஒடனே வந்துருங்க. இன்னிக்கு ஒரு நாளு அந்தச் சனியனக் காதுல மாட்டாதீங்க, என்னா?” என்றாள்.

சரி என்றேன். அவள் லிஃப்டில் இறங்கும் வரை அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன்.

என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். குளியலறையில் குந்தி உட்கார்ந்து ஐம்பத்தொரு தேங்காயைக் கழுவிப் பார்த்திருக்கிறீர்களா? நான்காவது தேங்காயிலேயே வாழ்க்கை வெறுத்துவிடும். அன்றைக்கென்று பார்த்துக் கொலை வழக்கின் கடைசிப் பகுதி வேறு வந்திருந்தது. தேர் என்றைக்காவது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறதா? போன வருஷம் மூன்று மணி நேரம் தாமதம். மாட்டிக்கொண்டேன்.

பிரச்சினை ரவியால் வந்தது. (இன்றைக்கும் நான் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.) தேர் ஒரு முழம் நகர்ந்தால் ஒரு செய்தி. தேர் நின்றால் ஒரு செய்தி. நின்ற தேருக்கு முன்னால் அவன் நின்று எடுத்த படம் மூன்று. கொலை நடந்த நேரத்தில் கணக்குப்பிள்ளை எங்கே இருந்தான் என்று சொல்ல வரும்போதெல்லாம் காதில் ‘டிங்’. ஏழாவது ‘டிங்’கில் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஐந்தே நிமிடம் என்று சொல்லி, செய்தியும் அழைப்பும் குறுக்கே வராதபடி போனை அடக்கி வைத்தேன். அதற்குப் பிறகு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. ஐம்பத்தோராவது தேங்காய்க்கு மஞ்சள் தடவி டுரோலியில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தேன்.

புஷ்பா இருபத்து மூன்று முறை அழைத்திருந்தாள். அதற்குக் கீழே ஒரே ஒரு செய்தி: “இனி வர வேணாம்.”

திட்டி எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். டுரோலியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். சாலைக்கு வந்தபோது தேர் தாண்டிப் போயிருந்தது. கண்ணுக்கு எட்டிய வரை தார் தெரியாமல் தேங்காய்ச் சில்லு, வெள்ளை வெளேர் என்று. ஒரு இடத்தில் மட்டும், ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு, சாலை கறுப்பாகச் சுத்தமாக இருந்தது. அதற்குப் பின்னால் புஷ்பா தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற பெண்கள் அவளைப் பார்க்காத மாதிரி வேறு எங்கோ பார்த்தார்கள்.

“தேரு நின்னுச்சுங்க,” என்றாள். “ஐயரு என்னையே பாத்தாரு. கையில தட்டு மட்டுந்தான் இருந்துச்சு.”

சொல்லிக்கொண்டே என் காதைப் பார்த்தாள். ஓடி வந்த அவசரத்தில் இயர்போனைக் கழற்ற மறந்திருந்தேன்; ஒரு காதில் பாதி நழுவியிருந்ததால்தான் அவள் குரலே கேட்டது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டும் இருந்தது. சரியாக அந்த நொடியில்தான் சென்னைக்காரர், “ஆக, முதலாளியைக் கொன்றது” என்று நிறுத்தி மூச்சு வாங்கினார். இரண்டையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன். கட்டிய பெண்டாட்டியை நடுரோட்டில் இப்படி நிற்க வைத்துவிட்டேனே என்று எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது.

சந்துக்குள் புகுந்து குறுக்கே போனால் தேரை முந்திவிடலாம் என்றேன். அவள் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னால் டுரோலியோடு ஓடினேன். நடப்பதற்கே அழுகிறவன் நான். சாக்கடை மூடி ஒன்றில் சக்கரம் மாட்டிக் கழன்று, தேங்காயெல்லாம் சந்தில் உருண்டது. பொறுக்கிப் பொறுக்கி அடுக்கியதில் மஞ்சள் முழுவதும் என் சட்டைக்கு மாறியது. மூன்று சக்கரத்தில் டுரோலியை இழுத்துக்கொண்டு மறுபடியும் சாலைக்கு வந்தபோது, தேர் இன்னும் வரவில்லை. ஆனால் ஒரு தேங்காய் வைக்கக்கூட அங்கே இடம் இல்லை. நெஞ்சு உயரத்துக்குக் குவியல் குவியலாக மற்றவர்களின் தேங்காய்.

மிகப் பெரிய குவியலுக்குப் பக்கத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு சீன ஆன்ட்டி நின்றிருந்தார். புஷ்பாவின் முகத்தையும், தட்டையும், அப்புறம் என்னையும் பார்த்தார். யாருக்கு வேண்டுதல் என்று மலாயில் கேட்டார். மகளுக்கு, படிப்புக்கு என்று புஷ்பா சொன்னாள். இவ்வளவு நேரம் தாமதமானது ஏன் என்றும் கேட்டார். புஷ்பா என்னைக் கையால் காட்டினாள். ஆன்ட்டிக்கு உடனே புரிந்துவிட்டது. “அனாக் பூஞா? போலே லா” என்று, பிள்ளைக்கென்றால் தாராளமாக வைக்கலாம் என்று, தன் குவியலைக் காலால் தள்ளி இடம் விட்டார். அடுக்கிப் பார்த்தால் நாற்பத்தேழுதான் இருந்தது. நான்கு சாக்கடைக்குள் போயிருக்க வேண்டும். அந்த நான்கையும் ஆன்ட்டியே தன் குவியலில் இருந்து எடுத்து வைத்தார்.

தேர் வந்தது. நான் உடைக்க ஆரம்பித்தேன். முப்பதில் என் தோள்பட்டை விடைபெற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு தட்டை ஆன்ட்டியின் கையில் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு புஷ்பாவே இறங்கினாள். ஒவ்வொரு தேங்காயையும் அவள் தரையில் அடித்த அடி இருக்கிறதே, அதில் பாதி எனக்கு உரியது என்று தெரிந்தது. ஐம்பத்தொன்றும் முடிந்து, ஐயர் தட்டை வாங்கித் தீபம் காட்டித் திருநீறு கொடுத்தபோது அவள் அழுதுவிட்டாள். நானும்தான். தேங்காய்த் தண்ணீர் கண்ணில் தெறித்தது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

தேர் நகர்ந்தபோதுதான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். குனிந்து குனிந்து உடைத்ததில் வலது காது இயர்போன் விழுந்திருந்தது. அதோ, சில்லுகளுக்கு நடுவே குட்டி நீல விளக்கு மின்னுகிறது. பின்னாலேயே தேங்காய்ச் சில்லை அள்ளும் இயந்திரம் உறுமிக்கொண்டு வருகிறது. ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தேன். புஷ்பா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். இயந்திரம் அள்ளிக்கொண்டு போனது.

செய்தி கேட்டு மகள் அன்று மாலையே போன் பண்ணி, புதிதாக ஒரு ஜோடி வாங்கி அனுப்புவதாகச் சொன்னாள். புஷ்பா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“வேணாம்மா, ஒன்னு போதும். இடது காதுல ஒங்கப்பா என்னா வேணா கேட்டுக்கட்டும். வலது காது எனக்கு.”

அன்றிலிருந்து அதுதான் சட்டம். உறவுக்காரர்கள் யார் வந்தாலும் என் வலது பக்கமாக வந்து நின்றுதான் பேசுகிறார்கள். வருஷா வருஷம் தேர் கிளம்பியதும் ரவி வாட்சப்பில் போடும் முதல் செய்தி, “மச்சானோட வலது காதுல சொல்லிருங்க” என்பதுதான்.

இன்னொரு தண்டனையும் உண்டு. அந்தக் கடைசிப் பகுதியை இனிமேல் கேட்பதில்லை என்று தண்ணீர்மலையான் மேல் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு, மறுநாள் வடை சுட்டபடி அவள் அதை முழுவதும் கேட்டு முடித்தாள். இடையிடையே ‘அட’ என்று வேறு சொல்லிக்கொண்டாள்.

கொன்றது யார் என்று நான் கேட்காத நாள் இல்லை. போன் அடிங்க, சொல்றேன் என்கிறாள். அடிக்கிறேன். எடுப்பதில்லை.