தும்மல் பரீட்சை

கடிகாரக்காரர் இன்றைக்கும் பரீட்சையில் தோற்றார்.

மகள் பிறந்து பத்தொன்பது நாள் ஆகிறது. இன்னும் அவர் கைக்கு வரவில்லை. பிரசவத்துக்கு உதவ வந்த மாமியார் போட்ட சட்டம் அது: ஜலதோஷக்காரர் யாரும் குழந்தையைத் தொடக்கூடாது. தினமும் காலையில் மாமியார் குளித்து, பவுடர் பூசி, பளிச்சென்று அறை வாசலில் வந்து நிற்பார். மருமகனின் முகத்தருகே குனிந்து பார்ப்பார். சொல்லிவைத்தாற்போல் அப்போதுதான் மருமகனுக்கு அடுக்குத் தும்மல் வரும்.

"சளி இன்னும் போகலை மாப்பிள்ளை."

உள்ளேயிருந்து மனைவி வாதாடினாள். காய்ச்சல் இல்லை, தொண்டை வலி இல்லை. கண் அரிக்கிறது, மூக்கில் வருவது வெறும் தண்ணீர். சளியென்றால் இத்தனை நாளில் போயிருக்கும், இது அலர்ஜி, ஒட்டாது என்றாள். கடையில் ஒரு தும்மல்கூட வருவதில்லை என்று அவரும் சொன்னார். வந்திருந்தால் மேஜையிலிருக்கும் பல்சக்கரமெல்லாம் பறந்திருக்கும்.

"கடையில காட்டுற மரியாதையை உங்க மூக்கு வீட்டுல காட்டக்கூடாதா?" என்றார் மாமியார்.

மரங்கள் பூக்கும் பருவம். பூந்தூள்தான் காரணமென்று கடிகாரக்காரர் ஜன்னல்களை அடைத்தார். நாலு தும்மல் பதினொன்றானது. தலையணையை மாற்றினார், திரைச்சீலையைத் துவைத்தார். இவர் திருட்டுத்தனமாக நுழைந்துவிடுவாரென்று மாமியார் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தும்மல்.

கடைசியில் டாக்டரிடம் போய் எழுதியே வாங்கிவந்தார்: பருவகால அலர்ஜி, ஒட்டாது. மாமியார் கிட்டே வந்து எட்டிப் படித்தார். வந்த தும்மலில் கடிதம் சோபாவுக்கடியில் போய்விட்டது.

"பாவம், அந்த டாக்டருக்கும் ஒட்டியிருக்கும்" என்று சமையலறைக்குப் போனார் மாமியார்.

மனமுடைந்த மனிதர் பால்கனி நாற்காலியில் போய் விழுந்தார். அங்கே மாமியாரோடு வந்திருந்த மாமனார் வழக்கம்போல் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். வந்த நாளாய் அவர் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். கால் மணி நேரம் போயிற்று, தும்மல் வரவில்லை. இதைக் கவனித்த மனைவி சத்தமில்லாமல் வந்து குழந்தையைக் கணவரின் கையில் வைத்தாள்.

சுவர்க் கடிகாரத்தைவிட இலேசாக இருந்தாள் மகள். அவருக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. மூக்கு மட்டும் காய்ந்தே இருந்தது.

"பூ மரம் இந்தப் பக்கம்தானே மாமா இருக்கு, இங்க ஏன் தும்மல் வரலை?"

மாமனார் பேப்பரை மடித்தார். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க அத்தையோட பவுடர், மாப்பிள்ளை. முப்பது வருஷமா நான் எதுக்கு வெளியவே உக்காந்து பேப்பர் படிக்கிறேன்னு நினைச்சீங்க?"