தர்ஷினி ஃப்ளெக்ஸும் பிரியாவுக்குத் தாய்மாமன் சீரும்

மரியாதைக்குரிய அக்கா வீட்டுக்காரர் வெங்கடசாமி மாமா அவர்களுக்கு,

போச்சம்பள்ளியிலிருந்து உங்கள் மைத்துனன் முனிராஜ் கைகூப்பி எழுதுவது. இங்கே நான், மாதேஸ்வரி, மகள் தர்ஷினி, கறவை மாடு இரண்டு, எல்லோரும் சௌக்கியம். தென்னை மட்டும் சௌக்கியமில்லை, வெள்ளை ஈ. தளியில் நீங்களும் அக்காவும், கல்யாணப் பெண் பிரியாவும் சௌக்கியமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டு மேற்கொண்டு எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் போடுகிறான் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். 'கல்யாண விசயம் எதையும் போன்ல பேசாதடா, ரெக்கார்டு ஆவும்' என்று சொன்னவர் நீங்கள்தானே. தவிர என் போன் இப்போது என் போனே இல்லை, சர்க்கார் ஆபீஸ் ஆகிவிட்டது. அந்தக் கொடுமையைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் பயம். போன வாரம் வந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'உம்பொண்ணு குழந்தைங்க ஆபீஸுக்குப் படிக்கிறாளே, பிரியாவுக்குப் பதினாறுதான்னு போட்டுக் குடுத்துட்டா என்னாடா பண்றது?' என்று கேட்டீர்கள். நிம்மதியாகத் தூங்குங்கள் மாமா. தர்ஷினிக்குக் கல்யாண விஷயம் ஒன்றும் தெரியாது. தெரியவும் விடமாட்டேன்.

எல்லாம் அந்த ஸ்காலர்ஷிப்பால் வந்த வினை. டிகிரி முடித்தால் கம்பெனி பஸ் ஏறிவிடுவாள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அவள் சமூகப்பணிப் படிப்பு, எம்.எஸ்.டபிள்யூ. என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஏதோ ஒரு அறக்கட்டளை பீஸ், ஹாஸ்டல், பஸ் செலவு எல்லாம் கட்டுகிறது. படிப்பு முடிந்ததும் இதே மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்பு வேலை பார்க்கவேண்டும், அதுதான் நிபந்தனை. ஓசூரில் நேர்காணல். ஒரு மேடம் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, 'இந்த வேலையில ஊர்ப் பகை வரும், சொந்தக்காரங்க பகையும் வரும். குடும்பம் கூட நிக்குமா சார்?' என்றார். ஏசி ரூம், கையில் பிஸ்கட்டு, நான் வேறென்ன சொல்வேன்? 'நிக்கும் மேடம்!' என்று கத்திச் சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். படிக்கக் காசு குடுக்கிறவங்க வேலையும் குடுப்பாங்கன்னு ஊர்ல சொன்னாங்க. குடுத்தாங்க மாமா, எனக்கு!

ஏனென்றால் நான் சும்மா இருக்கவில்லை. சந்தோஷத்தில் பஸ் ஸ்டாண்டு எதிரே ஃப்ளெக்ஸ் வைத்தேன். நம் பக்கத்தில் காதுகுத்துக்கே வைக்கிறான், மகள் ஸ்காலர்ஷிப் வாங்கியதற்கு வைக்கக்கூடாதா? மேலே 'மாவட்டக் குழந்தைகளின் காவல் தெய்வமே', நடுவில் தர்ஷினி, மூலையில் கூலிங்கிளாஸோடு நான். டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்பு என்று கடைக்காரனிடம் என் நம்பரை எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தப் புண்ணியவான் அதையும் தர்ஷினி படத்துக்குக் கீழே 'தொடர்புக்கு' என்று சிவப்பில் போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வருகிற சனமெல்லாம் அதைப் பார்த்தது, அன்று பிடித்த சனியன் இன்னும் விடவில்லை. ஒருத்தர் பேரனை ரேஷன் கார்டில் சேர்க்கச் சொல்கிறார். ஒரு அம்மா, பையன் சோறு தின்னமாட்டேன் என்கிறான், போனிலேயே மிரட்டுங்கள் என்றாள். மிரட்டினேன், தின்றுவிட்டானாம், இப்போது மூணு வேளையும் போன் அடிக்கிறாள். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாலும் போன், குளிக்கப் போனாலும் போன்.

எல்லாமே இப்படி இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். காவேரிப்பட்டினத்திலிருந்து ஒருத்தி, பக்கத்து வீட்டில் ரெண்டு பேரும் ஷிப்டுக்குப் போகும்போது சின்னதை உள்ளே விட்டுப் பூட்டிவிடுகிறார்கள், அது ஜன்னலில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தன் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்றாள். இன்னொரு நாள் ஒரு குழந்தை. பேசவே இல்லை, மூச்சு மட்டும் வந்தது. 'யாரு? எதுக்கு போன் பண்ணே?' என்று நான் அதட்டினேன், வைத்துவிட்டது. திரும்ப அடித்தால் சுவிட்ச் ஆஃப். அந்த மூச்சு இன்னமும் என் காதை விட்டுப் போகவில்லை மாமா.

ஃப்ளெக்ஸைக் கழற்றிவிடலாம் என்றேன். 'நம்பர் ஊரெல்லாம் போயிருச்சுப்பா, இனிமே ஒழுங்கா எடுக்கக் கத்துக்கோ' என்று தர்ஷினி எனக்கே வகுப்பு எடுத்தாள். 'மொதல்ல, நீ போன் பண்ணது நல்லதுன்னு சொல்லணும். ஏன் எதுக்குன்னு கொடையக்கூடாது. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு மட்டும் சத்தியம் பண்ணிடாதே, சொன்னாத்தான் காப்பாத்த முடியும்.' அவளுக்காவது ஸ்காலர்ஷிப், எனக்கு வெறும் வசவு. வருகிற போனை நான் அவளிடம் தள்ளுவேன், அவள் குழந்தைகள் உதவி எண் 1098-க்குத் தள்ளுவாள். அந்த நம்பர் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

போதாததற்கு வீட்டிலேயே நாடகம். குழந்தைகளிடம் எப்படிப் பேசுவது என்று அவளுக்குப் பரீட்சை, ஒத்திகை பார்க்க ஆள் வேண்டுமாம். என்னைக் குடிகார அப்பனாக நடிக்கச் சொன்னாள். நான் வாயில் வைத்தறியாதவன், தெரிந்த அளவுக்குத் தள்ளாடினேன், கிரைண்டரில் முட்டி இடித்து விழுந்தேன். பக்கத்து வீட்டு நஞ்சம்மா நிஜமென்று நம்பி, ஒரு சொம்பு மோரும் ஒரு மூட்டை புத்திமதியும் கொண்டுவந்தாள். இப்போதும் என்னைக் கண்டால் வாயை மோந்து பார்க்கிறாள்.

மறுநாள் மாதேஸ்வரியை உட்காரவைத்தாள். 'அம்மா, உனக்குப் பதினாலு வயசு. வீட்ல கல்யாணம் நிச்சயம் பண்ணிட்டாங்க. நான் ஆபீசர்.' மாதேஸ்வரி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. 'உனக்கு என்ன புடிக்கும்மா?' என்று தர்ஷினி கேட்டாள். 'கணக்கு. எட்டாவது கணக்குப் புஸ்தகத்தைப் பொட்டிக்கடியில வெச்சு எடுத்துட்டுப் போனேன். மாமியார் அடுப்புல போட்டுட்டாங்க.' 'அம்மா, நெஜத்தச் சொல்லாதே, நடிக்கணும்' என்றாள் மகள். 'இத்தன வருசமா அதத்தான்டி பண்ணிட்டிருக்கேன்' என்றாள் மாதேஸ்வரி. எனக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது, வேறு யாரும் சிரிக்கவில்லை. அன்று பாதிச் சாப்பாட்டில் குழம்பில் உப்பு அதிகம் என்று சொல்லி எழுந்துவிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அதை விடுங்கள். கல்யாணத்தன்று, வெள்ளிக்கிழமை, தர்ஷினிக்கு ஓசூரில் களப்பயிற்சி, காலை பஸ்ஸிலேயே கிளம்பிவிடுவாள். கர்நாடக எல்லை தாண்டி ஆனேக்கல் பக்கம் கோயிலில் தாலி கட்டிவிட்டால் நம்ம பக்கத்து ஆபீசர் எவனும் எட்டிப் பார்க்கமாட்டான் என்ற உங்கள் யோசனை ரொம்பச் சரி. பிரியா பிளஸ் டூ முடித்துக் காலேஜ், வேலை என்கிறாள், கம்பெனி பஸ்ஸில் எவனோடாவது பழகிவிட்டால் மானம் போய்விடும் என்ற உங்கள் பயமும் நியாயம்தான். தாய்மாமன் சீர் வைத்து, கையைப் பிடித்து அழைத்துவந்தால்தான் பெண் மணையில் உட்காரவேண்டும் என்பது நம் முறை. அதில் குறை வைப்பேனா? கிருஷ்ணகிரியில் கிளிப்பச்சையில் பட்டுப்புடவை எடுத்துவிட்டேன், பிரியாவுக்குப் பிடித்த நிறம். வளையல், தட்டு எல்லாம் தயார். மாதேஸ்வரி மட்டும் புடவையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, முதுகுவலியாம்.

அக்காவை வேளாவேளைக்கு மாத்திரை போடச் சொல்லவும். பிரியா மஞ்சள் குங்குமத்தோடு நூறு வயது இருக்கவேண்டும் என்று இந்த மாமன் மனசார வாழ்த்துவதாகச் சொல்லவும். சீரோடு வெள்ளிக்கிழமை விடியலில் நிற்பேன்.

இப்படிக்கு,
சொன்ன சொல் தவறாத மைத்துனன்
முனிராஜ்

பின்குறிப்பு: மாமா, தபாலாபீசில் உறையை ஒட்டப் போகும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். 'சார், இது தர்ஷினி அக்கா ஆபீசா? வாட்ஸ்அப்ல வந்த ஃப்ளெக்ஸ் போட்டோல இந்த நம்பர் பாத்தேன்' என்று ஒரு பெண் ரகசியமாகப் பேசியது. 'ஆமாம்மா, நீ போன் பண்ணது நல்லது' என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். 'வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம் பண்றாங்க சார். கூடப் படிக்கிற பொண்ணு போன்ல பேசறேன். நான் பரீட்ச எழுதணும் சார்' என்றது. பேர் கேட்கவில்லை நான். பிறந்த அன்று இந்தக் கையில் வாங்கிய பிள்ளை, குரல் தெரியாதா? அதற்கு என் குரல் தெரியவில்லை, ஆபீசர் குரலில் பேசிக்கொண்டிருந்தேன். 'அக்காகிட்ட மட்டும் சொல்லுங்க சார். அவங்க அப்பாக்குத் தெரியவேகூடாது. அவர்தான் சீர் கொண்டு வர்றாரு. சத்தியமா சொல்லமாட்டீங்கல்ல?' என்று கேட்டாள் மாமா, உங்க பிரியா.

'சத்தியம் பண்ண முடியாதும்மா, சொன்னாத்தான் காப்பாத்த முடியும்' என்றேன். 

இதை நான் தர்ஷினியிடம் தள்ளவில்லை. அவளுக்கு இன்னமும் தெரியாது, அவளைத் திட்டாதீர்கள். கூட நிற்பேன் என்று ஓசூரில் கையெழுத்துப் போட்டவன் நான், பகை என்னோடு இருக்கட்டும். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருமுன் ஆபீசர்கள் உங்கள் வீட்டுக்கு வந்து போயிருப்பார்கள். மேலே எழுதியதை அடிக்கவில்லை, நான் எப்படிப்பட்ட மாமன் என்று நீங்களும் படியுங்கள். புடவையைக் கடைக்காரன் திருப்பி வாங்கமாட்டான். பிரியா வளர்ந்து, அவளே கட்டிக்கிறேன் என்று சொல்கிற வரைக்கும் அது எங்கள் பீரோவில் இருக்கும்.

தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தே 1098 அடித்தேன். விலாசம், தேதி, கோயில் எல்லாம் சொன்னேன். 'நீங்க அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும் சார்?' என்று அந்தம்மா கேட்டார். 'தாய்மாமன்' என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அப்புறம், 'நீங்க போன் பண்ணது நல்லது சார்' என்றார்.

அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன் மாமா.