மூன்று ஏக்கருக்குப் போன ஜெனரல் பதவி

துவக்கையே தொடாமல் ஜெனரலானவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கிளிநொச்சியில், எங்கள் குடியேற்றத்தில் இருந்தார்.

தொழில், நில அளவையாளருக்குச் சங்கிலி பிடிப்பது. வடை சுற்றி வந்த சரித்திரப் புத்தகத் தாள்களைச் சேர்த்து வாசித்து, அமெரிக்கா குடியரசான புதிதில் நடந்ததெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"அங்கத்தை முதல் ஜனாதிபதி ஒரு ஜெனரல், அவரும் காணி அளந்தவர்தான் காணும். நானும் காணி அளக்கிறனான். மிச்சத்தை நீரே யோசியும்" என்பார்.

சந்தியில் நின்று பிரசங்கமும் செய்வார். "அமெரிக்காவிலை சம்பளம் குடுக்க வழியில்லாமல் சிப்பாய்க்குக் காணி எழுதிக் குடுத்தவங்கள். அவன் பசியிலை வித்துப்போட்டான். ஒபிசர்மார் அடிமாட்டு விலைக்கு வாங்கினவங்கள். நீங்கள் ஒருத்தரும் அரசாங்கம் தந்த காணிப் பெர்மிட்டை விடாதேங்கோ."

பதவிகளையும் அவரே வழங்கினார். ஒரு ஏக்கர் பற்றைக்காடு வெட்டினால் லெப்டினன்ட், இரண்டுக்குக் கப்டன், மூன்றுக்கு மேஜர். சிகரட் பெட்டி அட்டையில் எழுதித் தருவார். சிரித்துக்கொண்டு வாங்கியவர்கள் எல்லோரும் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். நான் மட்டும் சிப்பாய். காய்ச்சலில் ஒரு மாதம் பாயோடு கிடந்ததில் என் மூன்று ஏக்கரில் ஒரு கொப்புக்கூட முறியவில்லை.

குடியேற்ற உத்தியோகத்தர் வந்து பார்த்தார். "திங்கட்கிழமைக்கு முதல் வெட்டாட்டி பெர்மிட் ரத்து. வேறை ஆளுக்குக் குடுத்திடுவன்."

மனைவியின் சீதன வளவை விற்றுவிட்டு வந்தவன் நான். திரும்பிப் போக இடமில்லை. வெட்கத்தை விட்டு அழுதேன்.

செய்தி கேட்ட ஜெனரல், "நீர் பாயிலை படும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். ஞாயிறு விடியக் கத்தியும் கோடரியுமாகப் பதினாறு பேர் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் பதவி உயர்வு என்று வாக்குக் கொடுத்திருக்கிறார், மனுசன்! பின்னேரத்துக்குள் பற்றை போய்விட்டது. அடிக்கட்டைகளை இழுக்க உழவு மெசின் வேண்டும். மெசின்காரர் சின்னத்துரை ஏற்கெனவே மேஜருக்கு மேலே, கேணல். அவர் இறங்காமலே கேட்டார்.

"எனக்கு என்ன பதவி?"

"பிரிகேடியர்."

"காணாது. ஜெனரல் எண்டால் இழுக்கிறன்."

எங்கள் ஜெனரல் கட்டைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையிலிருந்த கிழிசல் காக்கித் தொப்பியைக் கழற்றிச் சின்னத்துரைக்குப் போட்டுவிட்டு விறைப்பாக நின்றார்.

"இழுங்கோ, சேர்."

திங்கட்கிழமை உத்தியோகத்தர் வந்தார், சுற்றிப் பார்த்தார், கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். நான் எங்கள் ஜெனரலிடம் நன்றி சொல்ல ஓடினேன்.

"இப்ப நீங்கள் ஆர் அண்ணை?"

"சிப்பாய்தான். உமக்கு மூண்டு ஏக்கர் எல்லோ, நீர் மேஜர். நிமிர்ந்து நில்லும், நான் உமக்குச் சல்யூட் அடிக்கோணும்."

எனக்கு நிமிரத் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சின்னத்துரை அந்தத் தொப்பியைக் கனகாலம் போட்டுக்கொண்டு திரிந்தார். எனக்கு மட்டும் ஜெனரல் என்றால் இன்றைக்கும் தொப்பியில்லாத அந்தத் தலைதான்.